பாண் ஓட்டோவின் மெட்டும் பவ்லோவின் நாயும்: நிபந்தனைப்படுத்தல் பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்பள்ளி ஆசிரியைகளுக்கும் பெற்றோருக்கும் உளவியல் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுக்க இலங்கையின் வடக்கே வன்னியில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அடிக்கடி போய்வருகிறேன். வகுப்பில் எல்லோரும் பேசாமல் இருப்பார்கள். முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும் நேரத்தில் ஒருவர் கிட்ட வந்து, "சேர், ஒரு விசயம் கேக்கலாமே?" என்பார். அப்படி வாசலில் நின்று கேட்கப்பட்ட கேள்விகள்தான் இவை. ஊர் மாறினாலும் கேள்வி பெரிதாக மாறுவதில்லை, அதனால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

நிபந்தனைப்படுத்தல் என்றால் என்ன?

பின்னேரம் மெட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க ஓட்டோ வரும் நேரம் ஒழுங்கையில் நின்று பாருங்கள். ஓட்டோ இன்னும் சந்தி திரும்பவில்லை, பாணைக் காணவில்லை, மணமும் வரவில்லை, அந்த மெட்டு மட்டும் தூரத்தில் கேட்கிறது. அதற்குள் முற்றத்தில் மண் அளைந்துகொண்டிருந்த சின்னது எழும்பி அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுக்கிறது, வாயும் ஊறிவிட்டது. பிறந்தபோது அந்த மெட்டு அதற்கு வெறும் சத்தம். மெட்டு வந்தது, பின்னால் பணிஸ் வந்தது, மறுநாளும் அப்படியே வந்தது, பல நாள் இப்படி நடந்ததில் மெட்டே பணிஸின் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது.

இப்படி அனுபவத்தால் இரண்டு விடயங்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு, அதனால் உடலோ நடத்தையோ மாறுவதைத்தான் நிபந்தனைப்படுத்தல் என்கிறோம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் ஆக்கநிலையுறுத்தல் என்று பார்த்திருப்பீர்கள், இரண்டும் ஒன்றுதான். முடிச்சு இரண்டு வகை. ஒரு அறிகுறிக்கும் அதன் பின்னால் வருவதற்கும் இடையில் விழுந்தால் அது தொன்மை நிபந்தனைப்படுத்தல். நாம் செய்யும் செயலுக்கும் அதனால் கிடைக்கும் விளைவுக்கும் இடையில் விழுந்தால் அது தொழிற்பாட்டு நிபந்தனைப்படுத்தல்.

பவ்லோவ் நாயை வைத்து என்ன செய்தார்?

இவான் பவ்லோவ் உளவியலாளர் இல்லை, உடற்றொழிலியல் ஆய்வாளர். ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் சமிபாட்டுச் சுரப்பிகளை ஆராய்ந்தார், 1904 இல் நோபல் பரிசு கிடைத்ததும் அந்த வேலைக்குத்தான். நாயின் கன்னத்தில் சிறு குழாய் வைத்து, இறைச்சித்தூளைக் கண்டால் எத்தனை துளி உமிழ்நீர் வருகிறது என்று அளந்துகொண்டிருந்தார். நாட்போக்கில் இறைச்சி வருவதற்கு முன்னமே, சாப்பாடு கொண்டுவரும் ஆளின் காலடிச் சத்தத்துக்கே உமிழ்நீர் வரத் தொடங்கியது. வேறொருவர் என்றால் அளவைக் குழப்பும் தொந்தரவு என்று ஒதுக்கியிருப்பார். பவ்லோவ் மிச்ச வாழ்நாளை அதற்கே கொடுத்தார்.

எல்லோரும் மணி என்பார்கள். அவர் ஆய்வுகூடத்தில் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவி, பசர், வெளிச்சம் என்று பலதும் பயன்பட்டன. இறைச்சி இயல்பான தூண்டி, அதற்கு ஊறும் உமிழ்நீர் இயல்பான துலங்கல். தாளச் சத்தம் பழக்கத்தால் வந்த நிபந்தனைத் தூண்டி, அதற்கு ஊறுவது நிபந்தனைத் துலங்கல். சோதனைக்குப் படிப்பவர்களுக்கு இந்த நாலு சொற்களும் போதும், மற்றவர்களுக்கு அதுகூடத் தேவையில்லை.

எது முதலில் வரவேண்டும்? எத்தனை தரம் செய்ய வேண்டும்?

எங்கள் அம்மம்மா கோழிக்குத் தீனி போடும் விதம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. சுளகில் குறுநெல்லை எடுத்துக்கொண்டு குசினி வாசலில் நிற்பா, விரல் மொழியால் சுளகின் விளிம்பில் டொக் டொக் என்று இரண்டு தட்டு, "பா… பா…" என்று ஒரு குரல், பிறகுதான் முதல் பிடி நெல் மண்ணில் விழும். கொய்யாவுக்குக் கீழே நின்றதும் வேலிக்கு அந்தப் பக்கம் போனதும் செட்டையை விரித்துக்கொண்டு ஓடிவரும். ஒருமுறை நான் நெல்லை எறிந்துவிட்டுப் பிறகு சுளகைத் தட்டினேன். "முதல் தட்டடா, பேந்து போடு" என்று பேச்சு வாங்கினேன். அவ பவ்லோவைப் படித்ததில்லை, ஆனால் சொன்னது சரி: அறிகுறி முன்னால் வரவேண்டும், விளைவு அதன் காலடியிலேயே வரவேண்டும். நெல்லைப் போட்டபிறகு தட்டும் தட்டு கோழிக்கு எதையும் அறிவிப்பதில்லை.

எத்தனை தரம் என்றால், விடயத்தைப் பொறுத்தது. கோழிக்குச் சில நாள் எடுக்கும். பயத்துக்கு அவ்வளவு தேவையில்லை. 1920 இல் அமெரிக்காவில் ஜோன் வொட்சனும் ரொசாலி ரெய்னரும் பதினொரு மாதக் குழந்தை ஒன்றுக்கு வெள்ளை எலியைக் காட்டி, அது தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புத் தண்டில் சுத்தியலால் அடித்தார்கள். முன்பு எலியோடு பயமில்லாமல் இருந்த குழந்தை, ஏழு தரத்தில் எலியைக் கண்டாலே அழுதது. பிறகு முயலுக்கும் மென்மயிர்ச் சட்டைக்கும்கூட அழுதது. 'குட்டி அல்பேர்ட்' என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிற அந்தக் குழந்தையின் பயத்தை அவர்கள் போக்காமலே விட்டுவிட்டார்கள். இன்றைய ஒழுக்க நெறிப்படி அப்படி ஒரு ஆய்வுக்கு அனுமதியே கிடைக்காது. வகுப்பில் இதைச் சொல்லும் ஒவ்வொரு தரமும் தாய்மாரின் முகம் மாறுவதைப் பார்க்கிறேன், அது மாறத்தான் வேண்டும்.

ஹெலிச் சத்தம் கேட்டால் இன்னும் நெஞ்சு அடிக்கிறது. இத்தனை வருசமாகியும் ஏன்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. கேட்பவர்கள் பெரும்பாலும் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போர்க் காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு 'வண்டு' என்றால் தெரியும், ஆளில்லாத வேவு விமானம். அது வெறுமனே இரைந்துகொண்டு மேலே சுற்றும், தானாக யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் வண்டு சுற்றிய இடத்துக்குப் பின்னால் குண்டு போடும் கிபிர் விமானம் வரும், இல்லாவிட்டால் எறிகணைச் செல் வரும். கொஞ்சக் காலத்தில் வண்டின் இரைச்சலுக்கே உடம்பு விறைக்கத் தொடங்கியது, கையில் சோற்றுக் கோப்பை இருந்தாலும் கால் பங்கருக்குப் போய்விடும். அதை யாரும் யோசித்துச் செய்யவில்லை.

றொபேர்ட் றெஸ்கோர்லா 1960களில் காட்டியது இங்கே நன்றாகப் பொருந்தும். இரண்டு விடயங்கள் ஒன்றாக வந்தால் மட்டும் முடிச்சு இறுகுவதில்லை, முதலாவது இரண்டாவதை எவ்வளவு நம்பத்தக்க விதத்தில் முன்கூட்டிச் சொல்கிறது என்பதுதான் முக்கியம். வண்டு வந்தாலும் வராவிட்டாலும் செல் ஒரே அளவில் விழுந்திருந்தால் வண்டுக்கு இவ்வளவு பயந்திருக்க மாட்டோம். உங்கள் மூளை அந்த நாட்களில் கணக்கைச் சரியாகப் போட்டது. அந்தக் கணக்குத்தான் பலரைக் காப்பாற்றியது. இன்று உழவு இயந்திரம் தூரத்தில் இரையும்போதோ ஹெலி தாழப் பறக்கும்போதோ நெஞ்சு அடிப்பது அதே பாடம் பொதுமைப்பட்டு வருவதுதான், குட்டி அல்பேர்ட் எலியிலிருந்து முயலுக்குப் போன மாதிரி. கோழைத்தனம் என்று இதற்குப் பெயர் வைக்கக்கூடாது, விசர் என்று ஒருபோதும் சொல்லக்கூடாது.

எனது பிள்ளை 2009 இல் போர் முடிந்தபிறகு பிறந்தது. அதுவும் பயப்படுகிறதே?

பிள்ளை சத்தத்தைக் கேட்பதோடு உங்கள் முகத்தையும் பார்க்கிறது. சூசன் மினேக்காவும் அவரோடு வேலைசெய்தவர்களும் 1980களில் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. ஆய்வுகூடத்தில் பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பென்றால் பயமில்லை. காட்டில் பிறந்த குரங்குகள் பாம்பைக் கண்டு பதறுவதைப் பார்த்ததும், ஒரு கடியும் படாமலே அவையும் பயந்தன. பயப்படாத குரங்கு ஒன்று பாம்போடு அமைதியாக இருப்பதை முதலே பார்த்து வைத்திருந்தவை, பிறகு பதறும் குரங்கைப் பார்த்தாலும் அவ்வளவாகப் பயம் பிடிக்கவில்லை.

அதனால் நீங்கள் பயப்படாமல் நடிக்க வேண்டும் என்றில்லை, நடிப்பு பிள்ளைக்குத் தெரியும். "அம்மாவுக்குப் பழைய ஞாபகம் வந்திட்டுது, இது சும்மா பறக்கிற ஹெலி, வா பாப்பம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்குப் போய் ஒருதரம் மேலே பாருங்கள். பயம் வந்து போகும் என்பதையும் பிள்ளை உங்களிடம்தான் கற்கும்.

ஒரே ஒரு தடவையில் வெறுப்பு ஒட்டுமா?

சாப்பாட்டில் ஒட்டும். சின்ன வயதில் ஒரு பாலைப்பழக் காலம், காட்டுக்குப் போய்வந்த மாமா சாக்கில் கொண்டுவந்த பழத்தை வாய் பிசுபிசுக்க வயிறு முட்டத் தின்றேன். இரவு காய்ச்சல், விடிய விடிய சத்தி. காய்ச்சல் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இருந்தது, பழத்தில் பிழையில்லை என்று எனக்கு அப்போதே விளங்கியது. ஆனாலும் இன்றைக்கும் அந்த மணம் வந்தால் தொண்டை மூடிக்கொள்ளும்.

ஜோன் கார்சியா 1950களில் எலிகளுக்குச் சக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கதிர்வீச்சால் சுகவீனப்படுத்தி இதைக் கண்டார். ஒரு தரம் போதும், இடையில் மணிக்கணக்கு இருந்தாலும் முடிச்சு விழும். சுவையும் குமட்டலும் சுலபமாகச் சேருகின்றன, வெளிச்சமும் குமட்டலும் அப்படிச் சேருவதில்லை. அம்மம்மாவின் "காலடியிலேயே வரவேண்டும்" விதிக்கு இது விலக்கு. நஞ்சு வேலைசெய்ய நேரம் எடுக்கும் என்பதால் உடம்பு அந்தப் பக்கம் தளர்வாக வைத்திருக்கிறது.

தொழிற்பாட்டு நிபந்தனைப்படுத்தல் இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

இங்கே நீங்கள் ஏதாவது செய்ய வேண்டும். எட்வேர்ட் தோண்டைக் 1898 இல் பசித்த பூனையைப் பெட்டிக்குள் அடைத்து வெளியே மீன் வைத்தார். பூனை பிறாண்டும், கடிக்கும், தற்செயலாகக் கொளுக்கியை இழுத்துவிடும், கதவு திறக்கும். அடுத்தடுத்த தரம் நேரம் குறைந்துகொண்டே போகும். திருப்தி தரும் விளைவைக் கொண்டுவந்த செயல் திரும்ப வரும் என்றார். பிறகு அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் அதை எடுத்து, எலி நெம்பை அழுத்தினால் தீனி விழும் பெட்டி, புறா கொத்தினால் தானியம் விழும் பெட்டி என்று பல பத்தாண்டுகள் அளந்தார்.

அவர் கண்டதில் எனக்கு மிகப் பயன்பட்டது, எப்போதாவது கிடைக்கும் பரிசு எப்போதும் கிடைப்பதைவிட ஆளைக் கட்டிப்போடும் என்பது. இரணைமடுக் குளக்கட்டில் தூண்டில் போடுபவரைப் பாருங்கள். எத்தனையாவது வீச்சில் மீன் என்று தெரியாது, அதனால்தான் இருட்டினாலும் "இன்னொரு வீச்சு" என்கிறார். லொத்தர் சீட்டும் அப்படித்தான், போனைத் தட்டித் தட்டி யார் லைக் போட்டார்கள் என்று பார்ப்பதும் அப்படித்தான்.

மகன் கடையில் நிலத்தில் விழுந்து அழுகிறான். போனைக் கொடுத்தால்தான் நிற்கிறது. என்ன செய்வது?

இங்கே இரண்டு பேர் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவன் அழுகிறான், போன் கிடைக்கிறது: அழுகை வலுப்படுகிறது. நீங்கள் போனைக் கொடுக்கிறீர்கள், அழுகை நிற்கிறது: கொடுக்கும் பழக்கம் வலுப்படுகிறது. விரும்பியது கிடைப்பதால் ஒரு செயல் கூடினால் அது நேர் மீளவலியுறுத்தல், தொல்லை நீங்குவதால் கூடினால் அது எதிர் மீளவலியுறுத்தல். எதிர் என்றதும் தண்டனை என்று பலர் எழுதிவிடுகிறார்கள், சோதனைத் தாளிலும் கண்டிருக்கிறேன். தண்டனை செயலைக் குறைப்பது. எதிர் மீளவலியுறுத்தல் கூட்டுவது.

இனிக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தால் ஒன்றுக்கு ஆயத்தமாக இருங்கள்: முதலில் அழுகை கூடும். இதுவரை வேலைசெய்த சாவி திடீரென்று திறக்கவில்லையென்றால் நாமும் இன்னும் பலமாகத்தானே திருகுவோம். அந்த உச்சத்தில் "சரி, இந்தா பிடி" என்று கொடுத்தீர்களோ, இன்னும் பெரிதாக அழுதால் கிடைக்கும் என்றும், எப்போதாவது கிடைக்கும் என்றும் ஒரே நேரத்தில் இரண்டு பாடம் படிப்பித்துவிட்டீர்கள். கொடுப்பதென்றால் அழ முன்னம் கொடுங்கள். கொடுப்பதில்லை என்றால் அம்மம்மா, அப்பப்பா, சித்தி எல்லோரும் கொடுக்காமல் இருக்க வேண்டும். வீட்டில் ஒரு கை இரகசியமாகக் கொடுத்தாலே குழம்பிவிடும். அதோடு அவன் அழாமல் கேட்ட நேரம் எதுவென்று கவனித்து அப்போது அவனோடு இருங்கள், இதைத்தான் எல்லோரும் மறந்துபோகிறோம்.

அடியாத மாடு படியாது என்கிறார்களே?

எனக்குக் கணக்குப் படிப்பித்தவர் பூவரசந்தடியோடு வகுப்புக்கு வருவார். பிழைவிட்டால் உள்ளங்கையில் விழும். அவர் வரும்போது வகுப்பு அமைதி, போனதும் சந்தை. கணக்கில் எங்கே பிழைவிட்டேன் என்று தடி ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. கணக்குக் கொப்பியின் சதுரக் கோடுகளைக் கண்டாலே வயிற்றைக் கலக்கும், பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிக்கும்போதும் அது என்னோடு வந்தது. ஆசிரியர் தொழிற்பாட்டு முறையில் பிழையைக் குறைக்க நினைத்தார், தொன்மை முறையில் கணக்கையே வலியோடு முடிச்சுப் போட்டுவிட்டார்.

தண்டனை செயலை அமுக்கும், அதுவும் தண்டிப்பவர் நிற்கும் வரைக்கும்தான். அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதை அது கற்பிக்காது. இலங்கைப் பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005 இலேயே வந்துவிட்டது. ஏற்கெனவே இவ்வளவைப் பார்த்த ஊரில், பிள்ளைக்கு இன்னுமொரு பயத்தை நாங்களும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா என்று ஆசிரியர்களிடம் நேராகவே கேட்கிறேன்.

அப்படியென்றால் ஒவ்வொன்றுக்கும் ரொபி கொடுப்பதா?

தேவையில்லை. உடனே, குறிப்பாக, உண்மையாகச் சொல்லும் ஒரு சொல் பெரும்பாலும் போதும். "கெட்டிக்காரன்" என்பதைவிட "செருப்பை நீயே சோடியா வைச்சிருக்கிறாய்" என்பது நன்றாக வேலைசெய்யும், எதற்காக என்று பிள்ளைக்குத் தெரிகிறது. பெரிய வேலையைச் சிறு படிகளாக உடைத்து, கிட்ட வரும் ஒவ்வொரு முயற்சியையும் ஏற்றுக்கொண்டு போவதற்கு வடிவமைத்தல் என்று பெயர்.

அதன் ஆற்றல் எவ்வளவு என்பதற்குக் கண்ணிவெடிக்குள் வாழ்ந்த எங்களுக்கு நெருக்கமான ஒரு உதாரணம்: அப்போபோ என்ற அமைப்பு ஆபிரிக்கப் பையெலிகளுக்கு வெடிமருந்தின் மணத்தைப் பிடிக்கப் பழக்குகிறது. முதலில் 'கிளிக்' சத்தம், பின்னால் வாழைப்பழம், அம்மம்மாவின் சுளகு மாதிரியே. சத்தத்துக்குப் பொருள் ஏறியபிறகு, மணத்தைச் சரியாகக் காட்டினால் மட்டும் கிளிக். பிறகு மண்ணுக்குள், பிறகு பெரிய நிலத்தில். மகாவா என்ற எலி கம்போடியாவில் 39 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்து 2020 இல் பிரித்தானியாவில் வீரத்துக்கான தங்கப் பதக்கம் பெற்றது. எலியின் எடை போதாததால் மிதித்தாலும் வெடிப்பதில்லை. இவ்வளவும் அதற்கு ஒருமுறைகூட அடிக்காமல் படிப்பித்தது.

யானையை விரட்டப் போடும் யானை வெடிக்கு யானை ஏன் இப்போது ஓடுவதில்லை?

இது நிபந்தனைப்படுத்தலுக்கும் முந்திய, இன்னும் எளிமையான கற்றல்: பழகிப்போதல். சத்தம் வருகிறது, பின்னால் ஒன்றும் நடக்கவில்லை, திரும்பவும் ஒன்றும் நடக்கவில்லை. வயலில் நிற்கும் வெருளியின் தலையில் காகம் ஏறியிருப்பதும் இதனால்தான். வெருளியை ஒரே இடத்தில் ஒரே சட்டையோடு விடாமல் இரண்டு நாளுக்கொருதரம் இடம் மாற்றினால் கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும். மின்வேலியில் மரத்தைச் சாய்த்துவிட்டு உள்ளே வரும் யானை வேறு கதை. அது செயலுக்கும் விளைவுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டது, உள்ளே நெல் இருக்கிறது, தோண்டைக்கின் பூனைக்கு மீன் இருந்த மாதிரி.

ஒட்டிய பயத்தை அழிக்க முடியுமா?

குறைக்க முடியும், நன்றாகவே முடியும். அழிப்பது என்ற சொல்தான் சிக்கல். தாளத்தைத் தட்டித் தட்டி இறைச்சி கொடுக்காமல் விட்டபோது பவ்லோவின் நாய்களுக்கு உமிழ்நீர் நின்றது, சில நேரம் ஓய்வு கொடுத்துத் திரும்பத் தட்டினால் மீண்டும் ஊறியது. பழைய பாடம் அப்படியே கீழே கிடக்கிறது, "இப்போது ஒன்றுமில்லை" என்ற புதுப் பாடம் அதற்கு மேல் எழுதப்படுகிறது. புதுப் பாடம் இடத்தோடும் ஒட்டியிருக்கும். சுவிஸில் பட்டாசுச் சத்தத்துக்குக்கூடத் திரும்பாத என் உறவுக்காரர் ஒருவர், பல வருசத்துக்குப் பிறகு புதுக்குடியிருப்பில் தன் காணியில் கால் வைத்த அன்று ஹெலி ஒன்று பறக்க, கிணற்றுக்கட்டோடு குந்திவிட்டார். அவர் சுகமானது பொய்யில்லை, சுகமான இடம் அங்கே.

வழி 1924 இலேயே தெரியும். மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்குப் பயந்த பீற்றர் என்ற மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளைக்குப் பிடித்த சாப்பாடு கொடுத்து, அவன் சாப்பிடும்போது கூட்டுக்குள் இருந்த முயலை அறையின் தூர மூலையில் வைத்தார். அவன் பதறாத அளவுக்கு நாளுக்கு நாள் கிட்டக் கொண்டுவந்தார். கடைசியில் முயலைத் தடவினான். திருவிழா வாணவெடிக்குக் காதைப் பொத்தும் பிள்ளைக்கும் இதையே செய்யலாம்: போனில் மெல்லிய சத்தத்தில், மடியில் வைத்துக்கொண்டு, கடலை கொறித்துக்கொண்டு. சத்தத்தைக் கூட்டுவதை அவனே செய்யட்டும். திருவிழாவுக்குப் போனால் முதல் வருசம் தூரத்துப் பனையடியில் நில்லுங்கள். "பயத்தைத் தெளிவிக்கிறன்" என்று பிடித்துக்கொண்டு வெடிக்குக் கிட்டக் கொண்டுபோகும் மாமாமாரைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள், பதற்றத்தின் உச்சியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால் பயம் இன்னும் இறுகும்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

நித்திரை குழம்பினால், பழைய காட்சி கண்முன்னால் திரும்பத் திரும்ப வந்தால், பயத்தால் சந்தைக்கோ வேலைக்கோ போவதை நிறுத்தினால், அதை மறக்கக் குடி கூடினால். இவற்றுக்குத் தனியாக முயலைக் கிட்டக் கொண்டுவரப் பார்க்க வேண்டாம், பயிற்சி உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம். தனியாகப் போகக் கூச்சமென்றால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், வாசலில் காத்திருக்கும் வாங்கில் உங்களைப் போல இன்னும் பலர் இருப்பார்கள்.